சீருடையைக் கழற்றிய தளபதி: ஆங் சானின் வாழ்க்கை தரும் பாடம்

முன்னுரை

பல்கலைக்கழக மாணவர் இதழொன்றின் ஆசிரியராக இருந்ததற்காக 21 வயதில் தண்டனைக்கு ஆளானவர். 26 வயதில் ஒரு விடுதலைப் படையைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர். 28 வயதில் மேஜர் ஜெனரலாகவும் போர்த்துறை அமைச்சராகவும் உயர்ந்தவர். 30 வயதில் இராணுவப் பதவி வேண்டாமென்று மறுத்து அரசியலுக்கு வந்தவர். 32 வயதில் அமைச்சரவைக் கூட்டத்தின் நடுவே சுட்டுக் கொல்லப்பட்டவர். இத்தனையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் நடந்தவை. அவர்தான் பர்மிய மக்கள் இன்றளவும் ‘போஜோக்’, அதாவது தளபதி, என்று அழைக்கும் ஆங் சான்.

நம்மில் பலருக்கு அவரை ஆங் சான் சூச்சியின் தந்தையாக மட்டுமே தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது. தென்கிழக்காசிய வரலாற்றுப் பாடத்திற்காக அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், நம்மைப் போன்ற ஒரு மாணவனின் கதை அது என்பது புரிந்தது. இராணுவத் தலைவர்கள் அரசியலுக்கு வருவது உலகில் புதிதன்று. ஆனால் அவர்கள் வரும்போது துப்பாக்கியை வாசலில் வைத்துவிட்டு வருகிறார்களா, கையோடு கொண்டு வருகிறார்களா என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு ஆங் சானின் வாழ்க்கை என்ன விடை தருகிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் பள்ளிப் பருவமும்

ஆங் சான் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள், மத்திய பர்மாவிலுள்ள நாட்மவுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஊ பா ஒரு வழக்கறிஞர். தாயார் டோ சூ. 1885-இல் மண்டலே ஆங்கிலேயர் வசமாகி, பர்மிய மன்னராட்சி முடிவுக்கு வந்தது. அதன்பின் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடித் தலை துண்டிக்கப்பட்ட போ மின் யவுங் என்பவர் ஆங் சானின் தாய்வழி உறவினர். அந்தக் கதையைக் கேட்டுத்தான் அவர் வளர்ந்தார்.

தொடக்கக் கல்வியை ஊரிலிருந்த புத்த மடத்துப் பள்ளியில் பெற்றார். பின்னர் யெனன்ஜவுங் என்ற எண்ணெய்க் கிணற்று நகரில், அண்ணன் பா வின் பணியாற்றிய தேசியப் பள்ளியில் சேர்ந்தார். இங்கே ‘தேசியப் பள்ளி’ என்ற சொல்லை நாம் நமது நாட்டுப் பொருளில் எடுத்துக்கொள்ளக்கூடாது. 1920-ஆம் ஆண்டு பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய புறக்கணிப்பைத் தொடர்ந்து, ஆங்கிலேய அரசின் பள்ளிகளுக்கு மாற்றாகப் பர்மியர்களே தொடங்கிய பள்ளிகள் அவை. தாய்மொழிக்கு மதிப்பளித்த பள்ளிகள் என்பதால், தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு அவற்றின் உணர்வு எளிதில் விளங்கும்.

ஆங்கிலம் தடுமாறிய மாணவர்

1930-களின் தொடக்கத்தில் ஆங் சான் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அக்காலத்து ரங்கூன் பர்மியர் நகரமாக இல்லை. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். துறைமுகத்தில் தெலுங்கரும் தமிழரும் சுமை தூக்கினர். கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, 1930-களின் பொருளாதார மந்தத்திற்குப் பின், கடன் கொடுத்த செட்டியார்களின் கைக்குப் போயிருந்தது. நகரத்தின் உயர்பதவிகள் ஆங்கிலேயரிடம் இருந்தன. சொந்த நாட்டிலேயே தாங்கள் கடைசி வரிசையில் நிற்கிறோம் என்ற எண்ணம் பர்மிய இளைஞர்களிடம் கனன்றுகொண்டிருந்தது.

கிராமத்திலிருந்து வந்த ஆங் சானுக்கு ஆங்கிலம் சரளமாக வராது. உடை கசங்கியிருக்கும், பழகத் தெரியாது, பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாது. மாணவர் சங்க விவாதம் ஒன்றில் அவர் எழுந்து ஆங்கிலத்தில் பேசினார். சொல் கிடைக்காத இடங்களில் பாலி மொழிச் சொற்களைச் செருகினார். கூட்டம் கேலி செய்தது. பர்மிய மொழியிலேயே பேசு என்று கூச்சலிட்டது. அவர் உட்காரவில்லை. சொல்ல வந்ததை முடித்துவிட்டே அமர்ந்தார் என்று அவருடன் படித்தவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். பின்னர் விடாமல் படித்து, ஆங்கிலத்தில் எழுதவும் வாதாடவும் தேர்ச்சி பெற்றார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என்னால் அடுத்த பக்கத்திற்குப் போக முடியவில்லை. தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற முதல் ஆண்டில், மலாய் மொழியில் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். பல்கலைக்கழகத்தின் முதல் கருத்தரங்கில் ஆங்கிலத்தில் படைப்பு செய்தபோது பின்வரிசையில் எழுந்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். ஆங் சான் உட்காரவில்லை. பிற்காலத் தளபதியின் குணம் போர்க்களத்தில் அன்று, அந்த விவாத மேடையிலேயே வெளிப்பட்டுவிட்டது என்றால் அது மிகையாகாது.

ஓர் இதழும் ஒரு வேலைநிறுத்தமும்

ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் சங்கம் ‘ஓவே’ என்ற இதழை நடத்தியது. மயிலின் அகவல் என்பது அதன் பொருள். மயில் பர்மிய மன்னராட்சியின் சின்னம். அவ்விதழின் ஆசிரியராக ஆங் சான் பொறுப்பேற்றார். பல்கலைக்கழக அதிகாரி ஒருவரின் ஒழுக்கத்தைக் கடுமையாகச் சாடிய, புனைபெயரில் எழுதப்பட்ட ஒரு கட்டுரை அதில் வெளிவந்தது. எழுதியவர் யார் என்று நிர்வாகம் கேட்டது. ஆசிரியர் என்ற முறையில் பெயரைச் சொல்ல முடியாது என்று ஆங் சான் மறுத்தார். அவர் மீது விலக்கல் நடவடிக்கை பாய்ந்தது. மாணவர் சங்கத் தலைவராக இருந்த நூவும் விலக்கப்பட்டார். இவரே பின்னாளில் சுதந்திர பர்மாவின் முதல் பிரதமரான ஊ நூ.

1936 பிப்ரவரி 25-ஆம் நாள் மாணவர்கள் தேர்வைப் புறக்கணித்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஷ்வேடகோன் புத்தக் கோயிலின் அடிவாரத்தில் முகாமிட்டனர். போராட்டம் மண்டலே வரை பரவியது. தேர்வுகள் தள்ளிவைக்கப்பட்டன, விலக்கல் ஆணைகளும் கைவிடப்பட்டன. ஒரு மாணவர் இதழில் வந்த ஒரு கட்டுரையிலிருந்து ஒரு நாட்டின் தலைமுறையே உருவானது. ஆண்டுதோறும் மலர் தயாரிக்கும் நாம் இதை எண்ணிப் பார்க்கலாம். 1938-இல் ஆங் சான் மாணவர் சங்கத்தின் தலைவரானார்.

தக்கின் ஆங் சான்

அதே 1938-இல் அவர் ‘டொபாமா’ (நாம் பர்மியர்) இயக்கத்தில் சேர்ந்தார். இவ்வியக்கத்தார் தங்கள் பெயருக்கு முன்னால் ‘தக்கின்’ என்று போட்டுக்கொண்டனர். தக்கின் என்றால் எசமான். ஆங்கிலேயரை அழைப்பதற்காக மட்டுமே பயன்பட்ட சொல். நமது தோட்டங்களில் ‘துரை’ என்ற சொல் எப்படியோ அப்படி. இந்நாட்டின் எசமானர்கள் நாங்களே என்று காட்டுவதற்காக அச்சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆங் சான் அவ்வியக்கத்தின் பொதுச் செயலாளரானார். 1939-இல் பர்மியப் பொதுவுடைமைக் கட்சியைத் தொடங்கியவர்களிலும் ஒருவராக இருந்தார். 1940 மார்ச்சில் இந்தியாவின் ராம்கரில் நடந்த காங்கிரஸ் மாநாட்டிற்கும் சென்று வந்தார்.

ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த நேரம் அது. ஆங்கிலேயர் நெருக்கடியில் இருக்கும்போதே விடுதலை பெறவேண்டும் என்பது தக்கின்களின் முடிவு. அரசு அவர்களைக் கைது செய்யத் தொடங்கியது. ஆங் சானுக்கும் பிடியாணை வந்தது. 1940 ஆகஸ்டில், தோழர் ஒருவருடன் சீனர்போல வேடமிட்டு, கப்பலேறிச் சீனாவின் அமோய் துறைமுகத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 25.

முப்பது தோழர்கள்

அமோயில் கையில் காசில்லாமல் தவித்த அவர்களை ஜப்பானிய உளவுத்துறை கண்டுபிடித்துத் தோக்கியோவுக்கு அழைத்துச் சென்றது. அங்கே கர்னல் சுசுகி என்ற அதிகாரி அவர்களைச் சந்தித்தார். ஜப்பான் பயிற்சியும் ஆயுதமும் தரும். பர்மியர்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழவேண்டும் என்பது ஏற்பாடு. ஆங் சான் 1941-இன் தொடக்கத்தில் இரகசியமாக நாடு திரும்பி இளைஞர்களைத் திரட்டினார். அவரோடு சேர்ந்து ஹைனான் தீவில் கடும் பயிற்சி பெற்றவர்களே ‘முப்பது தோழர்கள்’ என்று வரலாற்றில் இடம்பெற்றனர். ஆளுக்கொரு போர்ப்பெயர் சூட்டிக்கொண்டனர். ஆங் சான் ‘போ தேசா’ ஆனார். ‘தேசா’ என்பது நம் ‘தேஜஸ்’ என்ற சொல்லேதான். ஷூ மவுங் என்பவர் ‘போ நே வின்’ ஆனார். இந்த இரண்டாவது பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அவரிடம் திரும்பி வருவோம்.

1941 டிசம்பர் இறுதியில் பாங்காக்கில் பர்மிய விடுதலைப் படை தொடங்கப்பட்டது. தோழர்கள் தங்கள் கைகளைக் கீறி, இரத்தத்தை ஒன்றாகக் கலந்து குடித்து உறுதிமொழி எடுத்தனர். ஜப்பானியப் படையோடு அவர்கள் பர்மாவுக்குள் நுழைந்தனர். 1942 மார்ச் 8-ஆம் நாள் ரங்கூன் வீழ்ந்தது.

எசமான் மாறினான்

ஜப்பானியர் வந்ததும் விடுதலை கிடைக்கும் என்று நம்பியவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பர்மிய விடுதலைப் படை கலைக்கப்பட்டு, சிறிய பாதுகாப்புப் படையாகச் சுருக்கப்பட்டது. ஆங் சான் அதன் தளபதியானார். 1943 ஆகஸ்ட் முதல் நாள் ஜப்பான் பர்மாவுக்குச் ‘சுதந்திரம்’ வழங்கியது. டாக்டர் பா மாவ் நாட்டுத் தலைவர். ஆங் சான் போர்த்துறை அமைச்சர். நே வின் படைத்தளபதி. ஆனால் அதிகாரம் முழுவதும் ஜப்பானிய இராணுவத்திடமே இருந்தது.

இந்த ஆண்டுகளை மலேசியத் தமிழர்களாகிய நாம் ஒருவித மன நெருடலோடுதான் படிக்க முடியும். ஆங் சான் ஜப்பானியரின் நட்புப் படைக்குத் தளபதியாக இருந்த 1942, 1943 ஆண்டுகளில்தான், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் காலராவிலும் பசியிலும் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. என் தாத்தாவின் அண்ணனும் அப்படிப் போனவர், திரும்பவில்லை. தாத்தா கடைசிவரை அந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அந்த ரயில் பாதையை ஆங் சான் போடச் சொல்லவில்லை. பர்மிய உழைப்பாளிகளும் அதில் வதைபட்டு இறந்தனர். ஆயினும் விடுதலைக்காக யாருடைய கையைப் பிடிக்கிறோம் என்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை ஒப்பந்தம் செய்த தலைவர்களைவிடச் சாதாரண மக்களே அதிகம் கொடுத்தார்கள் என்பதை மறக்கலாகாது.

இன்னொரு நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1942-இல் தாத்தோன் வட்டாரத்தில், ஆங்கிலேயருக்கு உதவினார் என்ற குற்றச்சாட்டின் பேரில், இந்திய வம்சாவளி முஸ்லிமான ஒரு கிராமத் தலைவரை ஆங் சான் தம் கையாலேயே குத்திக் கொன்றார். 1946-இல் அரசியல் எதிரி ஒருவர் இதை அவையில் எழுப்பினார். அந்தக் கிராமத் தலைவரின் மனைவி நீதி கேட்டு மனு கொடுத்தார். போர்க்கால விசாரணையின்படி நடந்த தண்டனை அது என்றும் அதற்கு முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்றும் ஆங் சான் ஒப்புக்கொண்டார். கைது செய்தால் நாடே கொதிக்கும் என்று அஞ்சிய ஆங்கிலேய அரசு வழக்குத் தொடரவில்லை. பொறுப்பை மறுக்காத நேர்மையை நாம் மதிக்கலாம். ஆனால் அந்த மனைவியின் மனுவுக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை என்பதும் வரலாறுதான். அதே 1942-இல் அவர் படையைச் சேர்ந்தோர் ஐராவதிக் கழிமுகப் பகுதியில் கரேன் இன மக்களைக் கொன்ற கொடுமையும் நடந்தது. கரேன் மக்கள் அதை மறக்கவில்லை.

1945 மார்ச் 27

1944 ஆகஸ்டில் ஆங் சானும் பொதுவுடைமைத் தலைவர்களும் இரகசியமாகக் கூடி, பாசிச எதிர்ப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினர். பின்னர் அது பாசிச எதிர்ப்பு மக்கள் விடுதலை முன்னணி என்று விரிவடைந்தது. 1945 மார்ச் 17-ஆம் நாள், ஆங்கிலேயரை எதிர்க்கச் செல்வதாகக் கூறி, ஜப்பானிய அதிகாரிகளின் முன்னிலையிலேயே அணிவகுத்து ரங்கூனைவிட்டு வெளியேறியது பர்மியப் படை. பத்து நாள் கழித்து, மார்ச் 27-இல், துப்பாக்கிகளை ஜப்பானியர் பக்கம் திருப்பியது.

இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான இன்னொரு படையின் பாதை வேறாகப் பிரிகிறது. நம் தோட்டங்களிலிருந்து சென்றவர்கள் நிறைந்த இந்திய தேசிய இராணுவம் ஜப்பானியர் பக்கமே கடைசிவரை நின்றது. நேதாஜி ஏப்ரலில் ரங்கூனை விட்டு வெளியேறியபோது, மேஜர் ஜெனரல் லோகநாதன் என்ற தமிழரின் தலைமையில் ஏறக்குறைய 5,000 வீரர்களை அங்கே விட்டுச் சென்றார். ஜப்பானியர் ஓடிவிட்ட நகரில் கொள்ளையும் கொலையும் நடக்காமல் காத்துவிட்டு, மே மாதம் அவர்கள் சரணடைந்தனர். ஒரே எதிரியை எதிர்த்து, ஒரே நாட்டின் உதவியைப் பெற்ற இரு படைகள் இரு வேறு முடிவெடுத்தன.

மே மாதத்தில் ஆங் சான் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிமைச் சந்தித்தார். ஜப்பானிய மேஜர் ஜெனரல் சீருடையிலேயே போய் நின்றார். நாங்கள் வெற்றி பெறுவதால்தானே வந்தீர்கள் என்று ஸ்லிம் கேட்க, தோற்பவரிடம் வந்து என்ன பயன் என்ற பொருளில் அவர் ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னாராம். அந்த வெளிப்படையான பேச்சு ஸ்லிமுக்குப் பிடித்துவிட்டது.

கண்டியில் எடுத்த முடிவு

1945 செப்டம்பரில், இலங்கையின் கண்டியில், தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைவர் மவுண்ட்பேட்டனுடன் பேச்சுவார்த்தை நடந்தது. ஆங் சானின் படையிலிருந்து ஏறக்குறைய 5,000 வீரர்களைப் புதிய பர்மிய இராணுவத்தில் சேர்த்துக்கொள்ள உடன்பாடு ஏற்பட்டது. ஆங் சானுக்கு பிரிகேடியர் தகுதியுடன் துணைத் தலைமை ஆய்வாளர் பதவி முன்வைக்கப்பட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: படைவீரனாக இருப்பதா, அரசியல்வாதியாக இருப்பதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆங் சான் பதவியை மறுத்தார். சீருடைப் பணியைத் துறந்து, மக்கள் விடுதலை முன்னணியின் தலைவராக அரசியலில் இறங்கினார். இதுவே அவர் வாழ்க்கையின் திருப்புமுனை என்பது என் கருத்து. படையை உருவாக்கியவர் அவர். அப்படை அவரைத் தெய்வம்போல மதித்தது. படையைக் கையில் வைத்துக்கொண்டே அதிகாரத்தைப் பிடிப்பது அவருக்குக் கடினமாக இருந்திருக்காது. நாட்டை ஆள்பவர் மக்களிடமிருந்து அதிகாரம் பெறவேண்டும். படை அந்த அரசுக்குக் கட்டுப்பட வேண்டும். இந்த வரிசையை அவர் ஏற்றுக்கொண்டார்.

ஆனாலும் அந்தத் துறவு முழுமையானதா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். புதிய இராணுவத்தில் இடம் கிடைக்காத பழைய வீரர்களைத் திரட்டி ‘மக்கள் தொண்டர் அமைப்பு’ என்ற அணியை அவர் உருவாக்கினார். நலப்பணி அமைப்பு என்று பெயர். ஆனால் சீருடையும் அணிவகுப்பும் இருந்தன. ஆங்கிலேயர் ஏமாற்றினால் மீண்டும் போராடலாம் என்ற முன்னெச்சரிக்கை அது. அவர் இறந்த மறு ஆண்டே அந்த அமைப்பு பிளவுபட்டு, அதில் பெரும்பகுதி சுதந்திர அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தியது. அரசியலுக்குப் பக்கத்தில் வைத்த துப்பாக்கி வைத்தவரின் சொல்லை என்றென்றும் கேட்காது.

பேச்சுவார்த்தை மேசை

1946 செப்டம்பரில் காவல்துறையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடு முழுவதும் பரவியது. புதிய ஆளுநர் ஹூபர்ட் ரான்ஸ், ஆங் சானை நிர்வாக சபையின் துணைத் தலைவராக்கினார். பெயர் துணைத் தலைவர், உண்மையில் பிரதமர். 1947 ஜனவரியில் அவர் இலண்டன் புறப்பட்டார். வழியில் டில்லியில் நேருவைச் சந்தித்தபோது, இலண்டன் குளிருக்கு அவரிடம் தகுந்த உடை இல்லை என்று கண்ட நேரு, கம்பளி மேலங்கி ஒன்றைத் தைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த மேலங்கி அணிந்த படமே இன்று உலகம் அறிந்த ஆங் சானின் படம். ஜனவரி 27-இல் பிரதமர் அட்லியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரலில் தேர்தல், அதன்பின் அரசியல் நிர்ணய சபை, அதன்வழி விடுதலை. உடன் சென்ற ஊ சோ என்ற முன்னாள் பிரதமர் கையெழுத்திட மறுத்துவிட்டார்.

அடுத்த பணி அதைவிடக் கடினமானது. பர்மா ஒரே இனத்தின் நாடன்று. மலைப்பகுதிகளை ஆங்கிலேயர் தனியாக ஆண்டுவந்தனர். அங்குள்ள மக்கள் சேர விரும்பாவிட்டால் ஒன்றுபட்ட நாடு இல்லை. 1947 பிப்ரவரி 12-ஆம் நாள், ஷான் மாநிலத்துப் பாங்லோங் ஊரில், ஷான், கச்சின், சின் தலைவர்களும் ஆங் சானும் உடன்படிக்கை செய்துகொண்டனர். எல்லைப் பகுதிகளின் உள்நிர்வாகத்தில் முழுத் தன்னாட்சி என்ற கொள்கையை அது ஏற்றது. கரேன் மக்கள் பார்வையாளர்களாக மட்டுமே வந்தனர். தளபதியாக இருந்தபோது படை நடத்திக் கலவரம் கண்ட அதே மனிதர், அரசியல்வாதியாக மலையேறிப்போய்ப் பேசி, நம்பிக்கையைக் கேட்டுப் பெற்றார். இதுவே அவர் பெற்ற மிகப் பெரிய வெற்றி.

எங்கள் தங்கும் விடுதிக்கு அருகிலுள்ள உணவங்காடியில் மேசை துடைக்கும் சின் இன இளைஞர் ஒருவர் உண்டு. இக்கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்த நாளில், அவரிடம் பாங்லோங் என்ற பெயரைச் சொன்னேன். கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, “பிப்ரவரி 12” என்றார் மலாய் மொழியில். சிறிது நேரம் கழித்து, “போஜோக் உயிரோடு இருந்திருந்தால் நான் இங்கே தட்டு கழுவ வந்திருக்க மாட்டேன்” என்றார். அது சரியான கணிப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் பிறந்த ஒருவரை அவ்வாறு நம்ப வைத்திருக்கிறது அந்த ஒரு கையெழுத்து.

ஜூலை 19

ஏப்ரல் தேர்தலில் ஆங் சானின் முன்னணி பெருவெற்றி பெற்றது. 1947 ஜூலை 19, சனிக்கிழமை காலை, ரங்கூன் தலைமைச் செயலகத்தில் நிர்வாக சபை கூடியிருந்தது. 10.37 மணியளவில் சீருடை அணிந்த துப்பாக்கிக்காரர்கள் உள்ளே புகுந்து சுட்டனர். ஆங் சானும் அவருடைய அண்ணன் பா வினும் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். அவர்களுள் கரேன் இனத் தலைவர் மான் பா காயிங், ஷான் சிற்றரசர் சாவ் சான் துன், இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மிய பௌத்தத் தாய்க்கும் பிறந்த கல்வி அமைச்சர் அப்துல் ரசாக் ஆகியோரும் அடங்குவர். இறந்தவர்களின் பெயர்ப்பட்டியலே ஆங் சான் உருவாக்க நினைத்த நாட்டின் வரைபடம் எனலாம்.

கொலையைத் திட்டமிட்டவர் ஊ சோ என்பது விசாரணையில் உறுதியாகி, 1948 மே மாதம் அவர் தூக்கிலிடப்பட்டார். ஆளுநர் ரான்ஸ் உடனே ஊ நூவை அழைத்து அரசமைக்கச் செய்தார். 1948 ஜனவரி 4-ஆம் நாள், சோதிடர் குறித்த நேரப்படி விடியற்காலை 4.20 மணிக்கு, பர்மா விடுதலை பெற்றது. அதைக் காண ஆங் சான் இல்லை. அவருடைய மகள் சூச்சிக்கு, அவர் இறக்கும்போது வயது இரண்டு.

இரு தோழர்கள், இரு துறவுகள்

இப்போது நே வினிடம் வருவோம். ஹைனான் தீவில் ஒன்றாகப் பயிற்சி பெற்றவர். ஒரே கிண்ணத்தில் இரத்தம் குடித்தவர். கண்டி உடன்பாட்டிற்குப் பின் அவர் இராணுவத்திலேயே தங்கினார். 1949-இல் அதன் தலைமைத் தளபதியானார். 1962 மார்ச் 2-ஆம் நாள் ஊ நூவின் அரசைக் கவிழ்த்து ஆட்சியைப் பிடித்தார். அவ்வாண்டு ஜூலை 7-இல் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்களை இராணுவம் சுட்டது. மறுநாள் விடியற்காலை மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. ஆங் சான் தலைமை தாங்கிய, ‘ஓவே’ இதழை வெளியிட்ட அதே சங்கத்தின் கட்டடம் அது. அதைத் தொடர்ந்து வந்த தேசியமயமாக்கலில் கடைகளையும் தொழிலையும் இழந்து, இலட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். சென்னையின் ‘பர்மா பஜார்’ அந்த அகதிகளின் பெயரால் எழுந்ததுதான்.

1972 ஏப்ரலில் நே வினும் இராணுவப் பதவியைத் துறந்தார். ஜெனரல் நே வின் ‘ஊ நே வின்’ ஆனார். செய்தித்தாள்களின்படி பார்த்தால், அவரும் ஆங் சானைப் போலவே சீருடையைக் கழற்றி அரசியலுக்கு வந்தவர்தான். ஆனால் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. ஆங் சான் பதவியைக் கழற்றிவிட்டு மக்களிடம் வாக்குக் கேட்கப் போனார். நே வின் துணியைக் கழற்றிவிட்டு அதே நாற்காலியில் அமர்ந்தார். படையும் சிறையும் பத்திரிகையும் அவர் கையிலேயே இருந்தன. 1988 மக்கள் எழுச்சியின்போதுதான் அவர் விலகினார். இராணுவ ஆட்சி அதன் பின்னும் தொடர்ந்தது.

1990 தேர்தலில் மக்கள் சூச்சியின் கட்சிக்குப் பெருவெற்றி அளித்தும் இராணுவம் ஆட்சியை ஒப்படைக்கவில்லை. 2015-இல் வென்று அவர் அரசமைத்தார். 2017-இல் இராணுவ நடவடிக்கைக்கு அஞ்சி 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் நாட்டைவிட்டு ஓடியபோது, அவருடைய அரசு அதைத் தடுக்கவில்லை. 2019-இல் அனைத்துலக நீதிமன்றத்தில் அவரே தம் நாட்டின் சார்பில் வாதிட்டார். தந்தையின் பெயர் மட்டும் ஒருவரைக் காப்பாற்றாது என்பதற்கு இது சான்று. 2021 பிப்ரவரி முதல் நாள் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றி அவரைச் சிறைப்படுத்தியது. அவ்வாண்டு மார்ச் 27-இல், ஆயுதப்படை நாள் அணிவகுப்பு நடந்த அதே நாளில், நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1945-இல் ஆங் சானின் படை அந்நியரை எதிர்த்து எழுந்த நாள் அது. முதலில் ‘எதிர்ப்பு நாள்’ என்று அழைக்கப்பட்டு, பின்னர் ‘ஆயுதப்படை நாள்’ என்று பெயர் மாற்றப்பட்டது. யாரை எதிர்த்து என்ற கேள்வியைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

முடிவுரை

ஆங் சான் குறையற்றவர் அல்லர். ஜப்பானியரை நம்பியது, தாத்தோனில் சிந்திய இரத்தம், கரேன் மக்களின் அச்சத்தைப் போக்காமல் விட்டது, தொண்டர் அணி என்ற பெயரில் ஆயுதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டது ஆகிய எல்லாமே அவர் கணக்கில் உண்டு. அவர் நீண்டகாலம் வாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதும் நமக்குத் தெரியாது. 32 வயதில் இறந்தவரை நல்லவராகவே நினைப்பது எளிது.

ஆயினும் மூன்று பாடங்களை அவர் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, சிரிப்புக்கு அஞ்சி உட்காராத துணிவு. இரண்டாவது, தான் அச்சிட்டதற்குத் தானே பொறுப்பேற்று, எழுதியவரைக் காட்டிக்கொடுக்காத நேர்மை. மூன்றாவதே மிக முக்கியமானது: கையிலிருக்கும் அதிகாரத்தை வேண்டாம் என்று வைத்துவிட்டு, பேச்சினால் பெறக்கூடிய அதிகாரத்தைத் தேடிப் போகும் மனம். தேர்தலில் தோற்றாலும் சங்கத்தின் சாவியை ஒப்படைக்கத் தயங்குபவர்களை நாம் சிறிய அளவில் நம் வளாகத்திலேயே பார்க்கிறோம். படைக்கும் சங்கத்திற்கும் அளவு வேறு; குணம் ஒன்றுதான்.

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் மீண்டும் ஆங்கிலத்தில் பேசும் வாய்ப்பு வந்தது. தலைப்பாக ஆங் சானையே எடுத்துக்கொண்டேன். இரண்டு இடங்களில் தடுமாறினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இம்முறை முடித்துவிட்டே உட்கார்ந்தேன்.